நாலாள் உசரம்

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க தம்பி, முழங்கை பட்டுடப் போவுது. கண்ணாடி இல்ல, வெறும் அட்டதான். ஆனா மடங்கிடுச்சுன்னா நிமித்த முடியாது. மேல வைங்கன்னு கண்டக்டர் சொல்லிட்டுப் போறாரு. மேல வெச்சா டிரைவர் ஒரு பிரேக் போட்டாப் போதும், யாரு தலையிலயாவது விழும். மடியிலயே இருக்கட்டும்னுட்டேன். மொறைச்சிட்டுப் போறாரு. போவட்டும், அவரு மொறைச்சு நமக்கு என்ன ஆவப் போவுது.

என்னான்னுதான பாக்குறீங்க? படம். சாமி படம் இல்ல. ஒரு பழைய சத்திரத்து வாசல். காட்டுறேன் இருங்க, ஒரத்தநாடு தாண்டட்டும், நிக்கிறவங்கல்லாம் எறங்கிடுவாங்க. நீங்க பட்டுக்கோட்டையா? நல்லதாப் போச்சு.

எம் பேரு வைரக்கண்ணு. டிராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். டிராயிங் மாஸ்டர்னா பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் எளக்காரம். பரீட்ச வந்துட்டா என் பீரியட கணக்கு வாத்தியாரு எடுத்துக்குவாரு, சயின்ஸ் வாத்தியாரு எடுத்துக்குவாரு, கேக்கக்கூட மாட்டாங்க. நான் பாட்டுக்கு ஸ்டாப் ரூம்ல உக்காந்து பென்சில் சீவிக்கிட்டு இருப்பேன். ரிட்டயர் ஆனப்ப ஒரு சால்வையப் போத்தி அனுப்பிச்சாங்க. வீட்டுக்கு வந்தா, காலையில எழுந்து என்ன பண்றதுன்னு தெரியல. அப்பதான் எங்கிட்டப் படிச்ச ஒருத்தன், மெட்ராஸ்ல நல்ல வேலையில இருக்கான், சார், நூத்தம்பது வருசம் முன்னாடி வெள்ளக்காரன் எடுத்த படமெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல கெடைக்குது, நம்ம ஜில்லா படம் நெறைய இருக்குன்னு ஒரு கட்டு பிரிண்ட் போட்டு அனுப்பிச்சான். சத்திரம், மண்டபம், மதகு, கலெக்டர் பங்களா, எல்லாம் இருந்துச்சு அதுல.

அத எடுத்துக்கிட்டுக் கெளம்பினேன். வேலை என்னன்னா, படத்துல இருக்கிற கட்டடம் இப்ப இருக்கா, போயிடுச்சான்னு தேடணும். இருந்தா, வெள்ளக்காரன் ஸ்டாண்டப் போட்டு எங்க நின்னானோ அதே எடத்துல போயி நிக்கணும். ரெண்டடி தள்ளி நின்னாலும் தப்பாப் போயிடும், முன்னாடி தூண் பின்னாடி தூண மறைச்சுடும். அத வெச்சுத்தான் அவன் நின்ன எடத்தப் பிடிக்கிறது. பிடிச்சிட்டு, இன்னிக்கு எப்படி இருக்குன்னு நாம ஒரு படம் எடுக்கணும். கட்டடம் இல்லாமப் போயிருந்தா போன எடத்த எடுக்கணும். கலெக்டர் பங்களா இருந்த எடத்துல பெட்ரோல் பங்க் இருக்கு. நான் அங்க நின்னு படம் எடுத்தேனா, பங்க்காரன் வந்து இன்கம்டாக்ஸான்னு கேட்டான்.

சிரிக்கிறீங்க. எனக்கும் சிரிப்புத்தான் வந்துச்சு. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? அந்தக் காலத்துப் படத்துலல்லாம் ஓரமா ஒரு ஆள் நிப்பான். தலப்பாக் கட்டிக்கிட்டு, தூணு பக்கத்துல, ஆடாம அசையாம. அது அழகுக்கு இல்ல தம்பி, அளவுக்கு. வெறும் தூண மட்டும் எடுத்தா அது பெரிய தூணா, சின்னத் தூணான்னு யாருக்குத் தெரியும்? ஒரு ஆள் நின்னாத்தான் தெரியும். வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவன, மூட்டை தூக்கினவன, கூப்பிட்டு நிக்க வெச்சிருப்பான் துரை. வெயில்ல எவ்வளவு நேரம் நின்னானோ அந்த மனுசன். கீழ பாத்தீங்கன்னா சத்திரத்துப் பேரு இருக்கும், துரை பேரு இருக்கும், வருசம் இருக்கும். நின்னவன் பேரு இருக்காது. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். ஏன்யா, உனக்காக அவ்ளோ நேரம் நின்னானே, ஒரு பேரக் கேட்டு எழுதினா கையா தேஞ்சு போயிடும்? இதப் பத்தி ஒரு பத்திரிகைக்கே எழுதிப் போட்டேன் நான். அவங்க போடல.

நானும் அதே மொறையிலதான் எடுத்தேன். அந்த ஆள் நின்ன எடத்துல ஒரு ஆள நிக்க வெச்சு. நம்ம கூட யாரு வருவா? வீட்லதான். டிவிஎஸ் பிஃப்டியில பின்னாடி உக்காந்துக்குவா. மடியில சாப்பாட்டுப் பை, கையில கொடை. எங்க போறோம்னு கேக்க மாட்டா. போனதுக்கப்பறம், இதப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்னு ஒரு வார்த்த சொல்லுவா, அவ்ளோதான்.

நாலடி பத்தரை அங்குலம் அவ. நெலப்படியில சாய்ச்சு நிக்க வெச்சு நானே அளந்தேன். குள்ளம்னு நெனக்காதீங்க, அளவுக்கு அது ரொம்ப வசதி. நம்ம ஊர்ல உசரத்த எப்படிச் சொல்லுவாங்க? கெணறு ரெண்டாள் ஆழம், மதில் மூணாள் உசரம்னுதான? அதேதான். பென்சில இப்படிக் கைய நீட்டிப் பிடிச்சு, ஒரு கண்ண மூடிக்கிட்டு, பென்சில் முனையில அவ தல, கட்டவெரல் நகத்துல அவ காலு. அந்த அளவ அப்படியே மேல மேல வெச்சுக்கிட்டுப் போனா தூண் எத்தன ஆள் உசரம்னு வந்துடும். அத நாலடி பத்தரையால பெருக்கினா கணக்கு முடிஞ்சுது. ஏணி வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அப்படித்தான் நம்ம ஜில்லாவுல பாதித் தூண அளந்து வெச்சிருக்கேன் நான்.

நேரா நில்லும்பேன். நிப்பா. இந்தப் பக்கம் பாக்காத, கட்டடத்தப் பாருன்னுவேன். ஏன்னு ஒரு தடவ கேட்டா. மூஞ்சி தெரிஞ்சா பாக்குறவன் மூஞ்சியத்தான் பாப்பான், கட்டடத்தப் பாக்க மாட்டான்னேன். எம் மூஞ்சிய யாரு பாக்கப் போறான்னு சிரிச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. அவ கொணம் அப்படி. எதுக்கும் மல்லுக்கு நிக்க மாட்டா. அதனால படத்துலல்லாம் முதுகுதான் இருக்கும், இல்லாட்டி பாதிக் கன்னம். இத்தனூண்டு. தீக்குச்சி நிக்கிறாப்ல.

இப்ப இந்தச் சத்திரத்துக்கு வர்றேன். அந்தக் கட்டுல இருந்த படத்துலயே இதுதான் ராஜா. பெரிய வாசல். ரெண்டு பக்கமும் கல் யானை. யானைக்குப் பக்கத்துல தூணு. பின்னாடி ஆறு ஓடுது. அவ்ளோ பெரிய வாசல் எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஆடியில தேட ஆரம்பிச்சு ஐப்பசி வரைக்கும் தேடினேன். ஆத்த வெச்சுத் தேடினா ஆறே எடம் மாறியிருக்கு, வாய்க்கா வெட்டினப்ப திருப்பி விட்டுட்டான். டீக்கடையில கேட்டா, யானையா, கோயில்ல போயி கேளுங்கம்பான். கோயில்ல கேட்டா, மேல்நிலைத் தொட்டியக் காட்டி அதுக்கு முன்னாடி ஏதோ இருந்துச்சும்பாரு. தாலுக்கா ஆபீஸ்ல கேட்டதுக்கு, நீங்க எந்தக் கட்சின்னு கேட்டான் ஒருத்தன்.

கடைசியில நான்தான் கண்டுபிடிச்சேன். புன்னைவிடுதியில. எப்படின்னா, ஒரு புளியமரத்தடியில வண்டிய நிறுத்திட்டு நான் படத்த வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். இவ தண்ணி கேட்டு ஒரு வீட்டுக்குப் போனா. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, ரைஸ் மில்லுக்குப் பின்னாடி எருமை கட்டியிருக்காங்க, அது கட்டியிருக்கிற கல்லு யானைத் தும்பிக்கையாட்டம் இருக்குன்னா. போயிப் பாத்தேன். பாத்தா, அதேதான். கண்டுபிடிச்சிட்டேன். அந்தச் சந்தோசம் இருக்கே தம்பி, அத சொல்லிப் புரிய வெக்க முடியாது. யானை பாதி மண்ணுக்குள்ள இருக்கு. ஆனா தூணு முழுசா நிக்குது. மேல ஆலஞ்செடி. நூத்தம்பது வருசமா எல்லாரும் மறந்து போன ஒண்ணு, நாம வந்து பாக்கணும்னு நின்னுக்கிட்டு இருக்கு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

எருமைய அவுத்து அந்தப் பக்கம் கட்டச் சொல்லி, சாணியத் தள்ளிவிட்டு, இவளத் தூண்கிட்ட நிக்க வெச்சேன். வயித்த என்னமோ இழுத்துப் பிடிக்குதுன்னா. காலையில இட்லிய அவசரமா முழுங்கினா அப்படித்தான், சோடா வாங்கித் தர்றேன், நில்லுன்னேன். பென்சில்ல பாத்தேன். கச்சிதமா நாலாள். பத்தொம்பதரை அடி. அப்பறம் கேமராவ எடுத்தேன். நல்ல வெயிலு, நெழலெல்லாம் வெட்டினாப்ல விழுந்திருக்கு. பட்டன அமுக்குற நேரத்துக்கு இவ திரும்பி என்னப் பாத்துட்டா. பாத்து ஏதோ சொல்றா. மில்லு ஓடுற சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கெடுத்தியே காரியத்த, திரும்புன்னு கத்தினேன். திரும்பிக்கிட்டா. இன்னொண்ணு எடுக்கறதுக்குள்ள மேகம் வந்து மூடிடுச்சு, அது மங்கலா வந்துச்சு. வர்ற வழியில, அப்ப என்ன சொன்ன நீன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னா.

அதுக்கப்பறம் அவ வண்டியில ஏறல. கார்த்திகையில பெரிய ஆஸ்பத்திரியில சேத்தோம். வயித்துல கட்டி. ரொம்ப நாளா வலி இருந்திருக்கணுமேன்னாரு டாக்டரு. நிமிந்து நடக்கவே முடிஞ்சிருக்காதேன்னாரு. அப்படியெல்லாம் இல்ல சார், எங்கூட ஊர் ஊரா வந்தாளே, ஒரு வார்த்த சொல்லலயேன்னேன். பங்குனியில போயிட்டா.

போனதுக்கப்பறம் படம் வேணும்ல? மாலை போடறதுக்கு. பையன் திருமாறன் ஓசூர்ல கம்பெனியில இருக்கான், வந்து, அப்பா, அம்மா படம் ஏதாவது நல்லதாக் குடுங்கன்னான். நம்ம கிட்ட இல்லாத படமாடான்னு கம்ப்யூட்டரத் தொறந்தேன். தொறந்தா சத்திரம் இருக்கு, மண்டபம் இருக்கு, மதகு இருக்கு. எல்லாத்துலயும் இருக்கா. ஒண்ணுலயும் மூஞ்சி இல்ல. பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தான் பையன், பெருசு பண்ணா கட்டம் கட்டமா வருது. எழுந்து போயி வோட்டர் ஐடி கார்ட எடுத்துக்கிட்டு ஸ்டுடியோவுக்குப் போனான். அதான் இப்ப சுவத்துல மாட்டியிருக்கு. அது அவளே இல்ல தம்பி. யாரோ ஒரு பொம்பள கோவமாப் பாக்குறாப்ல இருக்கு. நான் அந்தப் பக்கம் பாக்குறதில்ல. வெளக்குப் போடுறப்பகூட குனிஞ்சுக்கிட்டுத்தான் போடுறது.

இந்தச் சத்திரத்துல அவ திரும்பிப் பாத்தது எனக்கு அப்ப ஞாபகமே வரல. கெட்டுப் போன படம்னு கேமரா கார்டுலயே விட்டுட்டேன். பையன் வந்தாத்தான் கார்டுலேருந்து கம்ப்யூட்டருக்கு ஏத்திக் குடுப்பான், எனக்கு அது வராது. அப்பறம் தஞ்சாவூர்ல பழைய கட்டடத்தக் காப்பாத்துறதுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு, அதுல இளமதின்னு ஒரு ஆர்க்கிடெக்ட் பொண்ணு, போன் பண்ணிச்சு. அன்னிக்கு எப்படி, இன்னிக்கு எப்படின்னு ஒரு கண்காட்சி வெக்கறோம், உங்க படமெல்லாம் குடுங்க சார்னு. கார்ட அப்படியே குடுத்தேன். ஒரு வாரம் கழிச்சு கூப்பிட்டு, சார், புன்னைவிடுதி வாசல்தான் பிரமாதம், அத சுவர் முழுக்கப் பெருசாப் போடறோம்னுச்சு. எதம்மா, ரெண்டு இருக்குமேன்னேன். வெயில் நல்லா விழுந்திருக்கே, அம்மா ஒருத்தங்க நம்மளப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்களே, அதுதான் சார்னுச்சு.

சுவர் அளவுக்குப் போட்டா ஆளே நெச ஆள் உசரத்துக்கு வந்துடுமே. மூஞ்சி நல்லாத் தெரியும். வாயத் தொறந்து அவ என்ன சொன்னான்னுகூட, அந்த வாயப் பாத்தா நமக்குத் தெரிஞ்சு போயிடும். நாப்பது வருசம் பாத்த வாயி. அதாவது, அளவு நல்லாத் தெரியும்னு சொல்ல வர்றேன். அளவுதான் முக்கியம். பையனுக்குப் போன் பண்ணி, டேய், அம்மா படம் தஞ்சாவூர்ல சுவர் முழுக்க வருதுடா, லீவு போட்டுட்டு வான்னேன். வந்தான். மருமகளையும் கூட்டிக்கிட்டு ராத்திரி பஸ் ஏறி வந்தான். எங் கொழுந்தியாளுக்கும் சொல்லிவிட்டேன், அதுவும் வந்துச்சு.

உள்ள போறோம். கூட்டம். நேரா அந்தச் சுவத்துக்கிட்டப் போறோம். யானை இருக்கு. தூணு இருக்கு. ஆலஞ்செடி இருக்கு. பையன் இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் பாக்குறான். அப்பறம் என் மூஞ்சியப் பாக்குறான்.

"அம்மா எங்கப்பா?"

நான் என்ன சொல்லட்டும் தம்பி? அவ நின்ன எடத்துல புல்லு. நல்ல பச்சப் புல்லு. சாணி கெடந்த எடத்துல புல்லு எங்கேருந்து வரும்? அழிச்சிருக்காங்க. எவனோ டிசைனராம், ஆள் நிக்கிறது கண்ண இழுக்குது, கட்டடம் எடுபடலன்னு கம்ப்யூட்டர்ல வெச்சுத் தொடைச்சு எடுத்திருக்கான். நான் போட்டேன் பாருங்க ஒரு சத்தம். ஆள் இல்லாம அளவு எப்படிய்யா தெரியும்? நீ படிச்சவனா? இது பெரிய தூணா, அகல்வெளக்கு வெக்கிற மாடமான்னு பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்? நூத்தம்பது வருசமா இருக்கிற மொறைய நீ எப்படி மாத்துவன்னு. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. பையன் வந்து, விடுங்கப்பான்னு கையப் பிடிக்கிறான். அவன் கண்ணுல தண்ணி. எனக்கு அளவு போச்சேன்னு ஆத்திரம்.

அந்தப் பொண்ணு இளமதி ஓடி வந்துச்சு. தப்புத்தான் சார், எங்கிட்டக் கேக்காமப் பண்ணிட்டாங்க, பழைய படத்தையே திரும்பப் போட்டுடறோம்னுச்சு. போயிக் கேட்டா, அந்த டிசைனர் என் கார்டுலயே தொறந்து, தொடைச்சிட்டு, அதே பேர்ல வெச்சிட்டானாம். பழசு இல்ல. எங்கயும் இல்ல. அந்தப் பொண்ணுக்கு அழுகையே வந்துடுச்சு. என்ன பண்ணலாம்னு தெரியாம, அந்த அம்மா பேரு என்ன சார், கீழ பேராவது போட்டுடறோம்னு கேட்டுச்சு. பேரெல்லாம் எதுக்கும்மா, அளவுக்கு நின்ன ஆளுதானன்னேன்.

சொல்லியிருக்கலாம். தையல்நாயகின்னு சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு வாயில வரல. இந்தான்னு கூப்பிட்டே பழகிப் போச்சு, பேரச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே.

மறுநா போன்ல ஒரு படம் அனுப்பிச்சாங்க. சரி பண்ணிட்டோம் சார்னு. பாத்தா, அவ நின்ன எடத்துல கொடத்த இடுப்புல வெச்சுக்கிட்டு ஒரு பொம்பள நிக்கிறா. பச்சப் பொடவ. எங்கேருந்தோ வெட்டி எடுத்து ஒட்டியிருக்கான். அதே உசரம்தான் சார்னு கீழ எழுதியிருக்கு. யாரு இந்தப் பொம்பளன்னு கேட்டேன். தெரியல சார், நெட்ல எடுத்ததுன்னாங்க. எனக்கு வந்த கோவத்துல போனத் தூக்கிக் கட்டில்ல எறிஞ்சுட்டேன்.

சரி, கூட்டம் கொறஞ்சுடுச்சு. காட்டுறேன், அந்த ஓரத்தக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. இது சுவத்துல போட்டது இல்ல, அதையே சின்னதாப் பண்ணி எங்கிட்டக் குடுத்தாங்க. இதோ யானை. இதோ தூணு. இப்ப இங்க கீழ பாருங்க, புல்லுக்குப் பக்கத்துல. என்ன தெரியுது? நெழல். ஆமா. ஆளத் தொடைச்சவன் நெழலத் தொடைக்க மறந்துட்டான். அன்னிக்கு அந்தச் சுவத்துக்கிட்ட எல்லாரும் போனதுக்கப்பறம் நான் மட்டும் நின்னு பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். வாச்மேன் வந்து வெளக்க அணைக்கணும்னாரு.

தூணு நெழல் இது. அவ நெழல் இது. வீட்டுல வந்து தரையில வெச்சு ஸ்கேல் போட்டுப் பாத்தேன். சாய்மானமெல்லாம் கழிச்சு, கணக்காத்தான் பாத்தேன், நாப்பது வருசம் அதத்தான சொல்லிக் குடுத்தேன். அவ நெழல நாலு தடவ வெச்சா தூணு நெழல் வருது. பென்சில்ல பாத்தப்பவும் நாலு. நெழல்லயும் நாலு. நாலாள். சரிதான?

ஆனா இந்த மூலையில அவங்க எழுதியிருக்கிறதப் படிங்க. தூணின் உயரம் பதினெட்டு அடி. அவங்களே நேர்ல போயி, லேசராம், ஒரு மெஷின வெச்சு அளந்தாங்களாம். நான் சொன்னது பத்தொம்பதரை. நான் அந்தப் பொண்ணு கிட்டச் சொன்னேன், உங்க மெஷின் தப்பும்மா, அடியில மண்ணு மேடிட்டு இருக்கும், அதக் கணக்குல எடுத்திருக்க மாட்டீங்கன்னு. எடுத்தோம் சார், மூணு பேரு மாறி மாறி அளந்தோம்னு பணிவாத்தான் சொல்லுது. நல்ல பொண்ணுதான். ஆனா பதினெட்டுன்னா என்ன அர்த்தம் தம்பி? பதினெட்ட நாலால வகுங்க. நாலரை அடி. அவ நாலடி பத்தரை. நெலப்படியில நான் போட்ட கோடு இன்னும் அப்படியே இருக்கு, நேத்துகூடப் பாத்தேன். நாலரை அங்குலம் எங்க போவும்? நேரா நிக்கிற மனுசிக்கு நாலரை அங்குலம் எப்படிக் கொறையும்?

அதான் மெஷின் தப்புங்கறேன்.

இந்த நெழல்ல தல கொஞ்சம் முன்னாடி சாஞ்சாப்ல இருக்குன்னு பையன் சொன்னான். தரை மேடு பள்ளம்டா, நெழல் அப்படித்தான் விழும்னேன். கை வயித்துக்கிட்ட இருக்காப்ல இருக்குன்னான். பொடவத் தலப்புடான்னேன். அவன் பைய எடுத்துக்கிட்டான். ஊருக்குப் போயிட்டான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசுவான், இப்ப அதுவும் கொறஞ்சு போச்சு. வேலை அதிகமா இருக்கும்.

வீட்டுல நான் ஒருத்தன்தான். சமைச்சா ரெண்டு பேருக்கு சமைச்சுடறேன், இன்னும் அந்த அளவு கைக்கு வரல. சாயந்தரமானா வீடு ஒரு மாதிரி இருக்கும் தம்பி. பேச ஆள் இல்லாம நாக்கு ஒட்டிக்கிட்டாப்ல இருக்கும். அதான் இப்படிப் பஸ்ல வந்தா யார்கிட்டயாவது பேசிக்கிட்டு வர்றது. நீங்க நல்ல பையனா இருக்கீங்க, காது குடுத்துக் கேக்குறீங்க. போன வாரம் ஒருத்தன் பாதியிலயே எழுந்து பின்னாடி சீட்டுக்குப் போயிட்டான்.

இந்தப் பைக்குள்ள டேப் இருக்கு, பாருங்க. நீளமான டேப்பு, கட்டட வேலைக்காரங்க வெச்சிருப்பாங்களே, அது. நேராப் போயி நாமளே தூண அளந்துட்டா முடிஞ்சு போச்சு. மில்லுல மூங்கில் ஏணி இருக்கு, கேட்டாத் தருவாங்க. பத்தொம்பதரைன்னு வந்துடுச்சுன்னா மெஷின் தப்பு, அவ நேராத்தான் நின்னுருக்கா, ஒரு வலியும் இல்ல அன்னிக்கு, நான் பேசாம வீட்டுக்குப் போயித் தூங்குவேன். பதினெட்டுன்னு வந்துடுச்சுன்னா...

வராது. ஏன் வரப் போவுது.

நானும் நாலஞ்சு தடவ கெளம்பி வந்துட்டேன் இதே பஸ்ல. அளக்கத்தான் முடியல. டேப்புன்னா அந்த முனைய ஒரு ஆள் பிடிக்கணும்ல? நான் ஏணியில ஏறினா கீழ ஒரு ஆள் வேணும். எப்பவும் அவதான் பிடிப்பா. ஒத்தையில எப்படி அளக்கறது சொல்லுங்க. ஆள் இல்லாமத்தான் நின்னு போச்சு. ஆள் மட்டும் கெடைச்சா அஞ்சு நிமிச வேலை.

என்ன சொன்னீங்க?

நீங்க எறங்கிப் பிடிக்கிறீங்களா?

அவசரம் ஒண்ணும் இல்லயா உங்களுக்கு? அடுத்த பஸ்ஸுல போயிக்குவீங்களா. பின்னாடியே வருதுதான். ஆமா, வருது. ஏணியிலயும் நீங்களே ஏறிடுவீங்களா. சின்ன வயசு, ஏறிடுவீங்க.

இல்ல தம்பி. ஒக்காருங்க. பைய எதுக்கு எடுக்கறீங்க, ஒக்காருங்க. ஊரு வந்துடுச்சு, ஆமா, புன்னைவிடுதிதான். கண்டக்டர் என்னத்தான் பாத்துக் கத்துறாரு, என்னத் தெரியும் அவருக்கு. எறங்கல. எறங்கலங்க, ரைட் குடுங்க.

பரவால்ல, நீங்க கேட்டதே போதும். வெயிலு வேற ஏறிடுச்சு. உங்களுக்கு எதுக்குச் செரமம். அந்தப் பக்கம் பாருங்க, தென்ன மரத்துக்கு மேல பொகக்கூண்டு தெரியுதுல்ல, அதான் ரைஸ் மில்லு. அதுக்குப் பின்னாடிதான் இருக்கு. இங்கேருந்து பாத்தாத் தெரியாது.

பத்தொம்பதரைதான் தம்பி. அவ நேராத்தான் நின்னா.